அமுங்காத பொத்தான்கள்: பழைய வீட்டுக் கணிப்பொறியைத் தேர்வது பற்றிச் சில குறிப்புகள்

1

'தமிழ் எம்.ஏ. படிச்சுட்டு வீடியோ கேம் பத்தி எழுதப் போறீங்களா தோழர்?' – சென்ற மாதம் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டவர் லேசான ஆள் இல்லை. ஒரு நாவலின் முதல் பதிப்பில் இருந்த பகுதி மூன்றாம் பதிப்பில் எப்படிக் காணாமல் போனது என்பது பற்றி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசியவர். மலிவுப் பதிப்பை நம்பி விமர்சனம் எழுதுகிறவர்களை மன்னிக்காதவர். 'நான் செய்யப் போறதும் அதேதான்' என்றேன். 1983இல் வெளிவந்த ஒரு கணிப்பொறி விளையாட்டை இன்று விளையாட வேண்டுமென்றால் எந்த எந்திரத்தில், எந்தத் திரையில், என்ன வேகத்தில் விளையாடுவது என்பது ஒரு பதிப்புப் பிரச்சினை. மூலம் எது, நகல் எது, யாருடைய கை பட்டது, யாருடைய கை மறைக்கப்பட்டது என்கிற பிரச்சினை. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இக்கட்டுரை அவருக்கான பதில்.

ஆறு மாதமாகப் பழைய 'வீட்டுக் கணிப்பொறி' ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கணிப்பொறி என்று இங்கே சொல்வது 1980களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்த எந்திரங்களை. கீபோர்டும் கணிப்பொறியும் ஒரே பெட்டி. தனியாகத் திரை கிடையாது, வீட்டு டிவியில் செருக வேண்டும். சேமித்து வைக்கப் பெரும்பாலும் பாட்டு கேட்கிற அதே டேப் ரெக்கார்டர், அதே கேசட். ஒரு விளையாட்டு கேசட்டிலிருந்து ஏறி முடிய நான்கைந்து நிமிடம் ஆகும். அதுவரை கீச்சென்று ஒரு சத்தம். திரை ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடும்.

இவற்றில் ஒரு விஷயம் முக்கியம். சுவிட்சைப் போட்டதும் இவை எதையும் 'காட்டுவதில்லை'. படம் இல்லை, மெனு இல்லை, விளம்பரம் இல்லை. காலியான திரையில் ஒரு சிறு கட்டமோ எழுத்தோ நிற்கும். நீங்கள் ஏதாவது எழுத வேண்டும் என்று காத்திருக்கும். விளையாட வேண்டுமென்றால்கூட 'லோட்' என்று முதலில் ஒரு வரி எழுதியாக வேண்டும். அதாவது விளையாடுகிறவர் முதலில் எழுதுகிறவராக இருந்தாக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

2

முதலில் நடைமுறையைப் பேசிவிடலாம். கோட்பாடு பேசுகிறவர்களுக்குப் பிளக் பாயிண்ட் பற்றி அக்கறை இல்லை என்கிற கெட்ட பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

என் முன்னால் இருந்தவை மூன்று. ஒன்று, பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் செய்து 1981 டிசம்பரில் வந்தது. மூன்றிலும் நல்ல கீபோர்டு இதுதான். இதன் 'பேசிக்' மொழியும் மற்ற இரண்டைவிட ஒழுங்கானது. இயான் பெல், டேவிட் பிரேபன் என்கிற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு பால்வெளிகளை, ஒவ்வொன்றிலும் 256 கோள்களோடு, அடைத்துவைத்த 'எலைட்' (1984) பிறந்தது இதில்தான். இரண்டு, அமெரிக்காவின் கமடோர் 64 (1982). இசை கேட்க வேண்டுமென்றால் இதுதான். பாப் யானஸ் வடிவமைத்த ஒலிச் சில்லு இதற்குள் இருக்கிறது. திரையில் உருவங்களை நகர்த்தத் தனி வன்பொருளும் உண்டு. மூன்று, சிங்க்ளேரின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (1982 ஏப்ரல்). ஏழைப் பங்காளன். 16 கிலோபைட் எந்திரம் 125 பவுண்டு, 48 கிலோபைட் 175 பவுண்டு என்று வந்தது. ரப்பர் பொத்தான்கள், தட்டச்சு செய்தால் விரல் சலித்துப்போகும். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் சாத்தியம். அதனால் ஒரு உருவம் இன்னொன்றைக் கடக்கும்போது இதன் நிறம் அதன்மேல் ஏறிவிடும்.

அசல் எந்திரமே வேண்டும் என்கிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பது வருடம் ஆன பொருட்கள் இவை. கமடோரோடு வந்த பழைய மின் அடாப்டர் கெட்டுப்போனால் 5 வோல்ட் கூடிப்போய் உள்ளே சில்லுகளைச் சாகடிக்கும். ஆகவே அதை மாற்றாமல் சுவிட்ச் போடக்கூடாது. பிபிசி மைக்ரோவின் மின்பகுதியில் இருக்கிற பழைய கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை விடும். ஸ்பெக்ட்ரத்தின் கீபோர்டுக்கு அடியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் ஏடு காய்ந்து முறியும். அதன் 9 வோல்ட் அடாப்டரில் நடு முனை நெகடிவ். கையில் கிடைத்ததைச் செருகினால் எந்திரம் போச்சு. எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டு. சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே மின்சாரமும் வேறு, டிவி முறையும் வேறு. நொடிக்கு 60 படம். நம்முடையதும் பிரிட்டனுடையதும் பால் முறை, நொடிக்கு 50 படம். ஐம்பதுக்கு எழுதிய இசையை அறுபதில் ஓடவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். கச்சேரியை யாரோ கை தட்டி விரட்டுகிற மாதிரி இருக்கும். பிரிட்டிஷ் ஸ்பெக்ட்ரத்தை நம் ஊர்ப் பழைய டிவியில் ஆன்டெனா துளை வழியாகவே செருகலாம். யுஎச்எஃப் 36ஆம் சேனலில் தேடினால் படம் வரும். இரண்டு நாட்டு டிவிகளுக்கும் ஒலி அலைவரிசையில் வித்தியாசம் உண்டு. ஆனால் ஸ்பெக்ட்ரம் 48 டிவி வழியாகச் சத்தம் போடுவதே இல்லை. தன் வயிற்றுக்குள் இருக்கிற சின்ன ஒலிபெருக்கியில்தான் கீச்சிடும். ஏழ்மையில் இப்படியும் ஒரு சௌகரியம்.

3

அசல் வேண்டாம், புதிதாகச் செய்த பிரதி போதும் என்கிறவர்களுக்கும் சந்தையில் வழி இருக்கிறது. 2018இல் 'தி சி64 மினி' என்று ஒன்று வந்தது. கமடோர் 64இன் பாதி அளவு. 64 விளையாட்டுகள் உள்ளேயே இருக்கும். இன்றைய டிவியில் ஒரே வயரில் செருகலாம். பார்க்க அச்சு அசல். பழுப்பு நிறம், வரிசையாகப் பொத்தான்கள். ஆனால் அந்தப் பொத்தான்கள் அமுங்காது. வார்த்தெடுத்த பிளாஸ்டிக் பொம்மை. கீபோர்டு வெறும் படம்.

இது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. செலவைக் குறைக்க அப்படிச் செய்தார்கள் என்று சொல்லலாம். வேறொரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் அதில் பேசிக்கும் எழுத முடியும் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். மறு வருடமே வந்த முழு அளவுப் பிரதியில் பொத்தான்கள் வேலை செய்தன. அதே ஆட்கள் 2024இல் கொண்டுவந்த 'தி ஸ்பெக்ட்ரம்' பிரதியிலும் ரப்பர் பொத்தான்கள் அமுங்குகின்றன, 48 விளையாட்டுகளோடு பேசிக்கும் இருக்கிறது. ஆனால் முதலில் எது 'தேவையில்லை' என்று சந்தைக்குத் தோன்றியது என்பதைக் கவனியுங்கள். பழைய நினைவை விற்கும்போது எழுதுகிற பகுதியைக் கழித்துவிட்டு விளையாடுகிற பகுதியை மட்டும் விற்கலாம் என்று தோன்றியிருக்கிறது. கீபோர்டு அலங்காரமாக மிஞ்சினால் போதும். கடந்தகாலத்தைப் பண்டமாக்குகிறபோது முதலில் வெட்டப்படுவது அதில் பங்கேற்றவர்களின் கைதான். நாட்டார் கலைகளை மேடையேற்றுகிறவர்கள் செய்ததும் இதுதானே?

கழித்தால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு உதாரணம். மேத்யூ ஸ்மித் என்கிற 17 வயதுப் பையன் 1983இல் 'மேனிக் மைனர்' எழுதினான். இருபது குகைகள். வில்லி என்கிற சுரங்கத் தொழிலாளி மூச்சுக்காற்று தீர்வதற்குள் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்த விளையாட்டை அவன் எழுதியது ஸ்பெக்ட்ரத்தில் அல்ல, டாண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 என்கிற வேறொரு எந்திரத்தில். 'மூல எந்திரம்' என்று புனிதப்படுத்துகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் தெரியவில்லை.

அடுத்த வருடம் அதன் தொடர்ச்சியாக 'ஜெட் செட் வில்லி' வந்தது. இந்தமுறை வில்லி ஒரு மாளிகைக்குள் அறை அறையாகத் திரிகிறான். அதில் ஒரு பிழை. பரண் அறைக்குள் நுழைந்துவிட்டால் நினைவகத்தில் வேறெங்கோ எண்கள் அழிந்து மற்ற சில அறைகள் கெட்டுப்போகும், அங்கே நுழைந்ததும் வில்லி சாவான், ஆட்டத்தை முடிக்கவே முடியாது. வெளியிட்ட நிறுவனம் முதலில் 'அது வேண்டுமென்றே வைத்ததுதான்' என்று சாதித்தது. வாசகர்கள் – ஆமாம், வாசகர்கள் என்றுதான் சொல்ல வேண்டும் – நிரலைத் தோண்டிப் பிழை எங்கே என்று கண்டுபிடித்தார்கள். 'போக்' என்கிற கட்டளையால் நினைவகத்தின் குறிப்பிட்ட முகவரியில் குறிப்பிட்ட எண்ணை எழுதிப் பிழையைத் திருத்தினார்கள். அந்த வரிகள் பத்திரிகைகளில் அச்சாயின. மற்றவர்கள் அதைப் பார்த்து அவரவர் வீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

சுவடி பார்த்துப் பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டுச் சிதைந்த வரியை மீட்ட கதைகளை நாம் மரியாதையோடு படிக்கிறோம். இங்கே அதே காரியத்தைப் பள்ளிக்கூடப் பையன்கள் செய்திருக்கிறார்கள். ஆசிரியன் சொன்னதே இறுதி என்று அவர்கள் நினைக்கவில்லை. பொத்தான் அமுங்காத எந்திரத்தில் அந்த வாசகனுக்கு இடமே இல்லை. கொடுத்ததை விளையாடலாம், அவ்வளவுதான்.

4

இவ்வளவும் யாருடைய நினைவு? 1982இன் பிரிட்டிஷ் வரவேற்பறை எனக்கு எந்த வகையில் சொந்தம்? ஏக்கத்தையும் இறக்குமதி செய்துகொள்கிறோமா என்ற சந்தேகம் வாசகர்களுக்கு வரலாம். எனக்கும் வந்தது. அதனால் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். 1999இல், எனக்குப் பதினோரு வயதிருக்கும், சீட்டு எடுத்த காசில் மதுரைப் பொருட்காட்சியில் ஒரு பெட்டி வாங்கித் தந்தாள். ஜப்பானிய நின்டெண்டோவைத் திருட்டுத்தனமாகப் பார்த்துச் செய்த சீன நகல் அது. அன்று ஊர் ஊராக 'டிவி கேம்' என்று விற்றதெல்லாம் இதுதான். ஆனால் இதில் ஒரு கீபோர்டு இருந்தது. அதனால்தான் அம்மா வாங்கினாள். 'இதுல கம்ப்யூட்டரே படிக்கலாமாம்ல' என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். நான் மரியோ விளையாடினேன்.

அந்தக் கேசட்டின் மெனுவில் கடைசியாக 'பேசிக்' என்றொரு வரி உண்டு. ஒருநாள் அதைத் திறந்தேன். திரை காலியாகி ஒரு கட்டம் துடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம், நானும் தெருப் பையன்களும். ஒன்றும் வரவில்லை. 'கெட்டுப்போச்சு போல' என்று அணைத்துவிட்டோம். பிறகு அதைத் திறந்ததே இல்லை. அது எங்களுக்காகக் காத்திருக்கிறது, எங்களைத்தான் எழுதச் சொல்கிறது என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. இருபத்தைந்து வருடம் கழித்து ஸ்பெக்ட்ரம் பற்றிப் படிக்கும்போதுதான் புரிந்தது. நான் இப்போது தேடுவது பிரிட்டிஷ்காரர்களின் பால்யத்தை அல்ல, அந்தத் துடிக்கிற கட்டத்தை.

'படிப்பு' என்கிற இந்தச் சாக்கு உலகம் முழுக்க உண்டு. பிரிட்டனில் 1982 ஜனவரியில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. அதே மாதம்தான் பிபிசி கணிப்பொறி எழுத்தறிவுத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ஆலைகளை மூடவிட்ட தாட்சர் அரசு, பள்ளிகள் கணிப்பொறி வாங்கப் பாதி விலை மானியம் தந்தது. எதிர்காலம் இதில்தான் என்று பெற்றோர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். 1984இல் இந்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்ததும் அதே பிபிசி மைக்ரோதான். எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் பள்ளிக்கூடக் கருவிகள் செய்த ஒரு நிறுவனம் 1987இல் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து ஒரு நகல் செய்தது. அதற்குப் பெயரே 'டிடாக்டிக்'.

அரசுகளும் பெற்றோர்களும் படிப்பு என்றார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள் – கதை இதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. 1989 ஜனவரியில் பிராகில், ஜான் பலாக் தீக்குளித்த இருபதாம் ஆண்டு நினைவாகக் கூடியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. அதன்பின் ஸ்பெக்ட்ரம் வகை எந்திரங்களுக்கான ஒரு விளையாட்டு கேசட் கேசட்டாகக் கைமாறியது. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. அமெரிக்கச் சினிமா நாயகன் இண்டியானா ஜோன்ஸ் 1989 ஜனவரி 16 அன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் மாட்டிக்கொள்கிறான். போலீஸ்காரர்களிடமிருந்து தப்பி வெளியேற வேண்டும். எழுதியவர் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் சிறைதான். யாரோஸ்லாவ் ஷ்வெல்க் என்கிற ஆய்வாளர் 2018இல் எழுதிய நூல் இந்த வகை விளையாட்டுகளை விரிவாகப் பேசுகிறது.

நகல் எந்திரம், நகல் கேசட், திருடப்பட்ட நாயகன், பெயரில்லாத ஆசிரியன். 'அசல்' என்று சொல்ல அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு சிறுபத்திரிகை செய்யக்கூடிய வேலையை அது செய்தது. இரண்டு டெக் வைத்த டேப் ரெக்கார்டர் அங்கே சைக்ளோஸ்டைல் மெஷினாக இருந்திருக்கிறது. என் அம்மா வாங்கித் தந்த நகலுக்கும் இந்த நகலுக்கும் எந்திரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எழுதலாம் என்று சொல்ல ஆள் இருந்தார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

5

இந்த இடத்தில் என்னையே மறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதுகிறவன், திருத்துகிறவன் என்று கொண்டாடும்போது நான் கொண்டாடுவது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளை. படுக்கையறையில் உட்கார்ந்து தனியாக உலகம் படைத்த மேதைப் பையன் என்கிற பிம்பம் இந்தப் பழைய கணிப்பொறி எழுத்துகள் எல்லாவற்றிலும் வருகிறது. இலக்கியத்தில் நாம் உடைத்துப்போட்ட 'படைப்பாளி' இங்கே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான்.

ஸ்பெக்ட்ரத்தைச் செய்தவர் யார் என்றால் சிங்க்ளேர் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் ரிச்சர்ட் ஆல்ட்வாசர், ஸ்டீவ் விக்கர்ஸ், ரிக் டிக்கின்சன் என்று சொல்வார்கள். கையால் செய்தவர்கள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டைமெக்ஸ் கைக்கடிகார ஆலைத் தொழிலாளிகள். பெரும்பான்மை பெண்கள். அதே ஆலையில் 1993இல் ஆட்குறைப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்தது. நிர்வாகம் எல்லோரையும் வேலையைவிட்டு நீக்கி வெளியாட்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தது. வாசலில் அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் நின்றார்கள். அந்த ஆகஸ்டில் ஆலையை மூடிவிட்டார்கள். சிங்க்ளேரோ 1986லேயே கணிப்பொறித் தொழிலை ஐம்பது லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராடிடம் விற்றுவிட்டிருந்தார். சேகரிப்பாளர்கள் எந்திரத்தைத் திறந்து பலகையின் வரிசை எண்ணைப் படிக்கிறார்கள், எந்த மாதம் செய்தது என்று கணக்குப் போடுகிறார்கள். சால்டர் வைத்த விரல் யாருடையது என்று கேட்பதில்லை.

தீக்குச்சி அடுக்கிய விரல்கள் வாங்கித் தந்த எந்திரத்தில் விளையாடியவன் நான். இதைக் கேட்காமல் 'அசல் எந்திரம்' பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

6

கடைசியில் எதைத் தேர்ந்தேன் என்று சொல்லாமல் முடித்தால் ஏமாற்று வேலை.

அசல் ஸ்பெக்ட்ரம் வாங்கவில்லை. காசில்லை என்பது முதல் காரணம். நாலு பேர் தொட்டுப் பார்க்க முடியாத பொருளாக அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்க விருப்பமில்லை என்பது இரண்டாவது. அக்கா மகளுக்கு 2014இல் அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் கிடந்தது. அதில் 'ஃபியூஸ்' என்கிற இலவச மென்பொருளை ஏற்றினேன். அது ஸ்பெக்ட்ரமாக நடிக்கும். இதற்குத் தேவையான உள்நிரலை முன்மாதிரி மென்பொருட்களில் பயன்படுத்திக்கொள்ள ஆம்ஸ்ட்ராட் 1999லேயே அனுமதி தந்துவிட்டது, உரிமையை விடாமல். திரைக்கு, அத்தை வீட்டில் 14 அங்குல அரசு இலவசக் கலர் டிவி. 2006க்குப் பிறகு வீடு வீடாக வந்ததே, அதேதான். நடுவில் மஞ்சள் ஏவி வயருக்கு மாற்றித் தருகிற சின்னப் பெட்டி. அதில் பால் பக்கம் சுவிட்சைத் தள்ளிவைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒன்று. அவ்வளவுதான் என் 'செட்டப்'.

குறை உண்டு. பொத்தானை அழுத்துவதற்கும் வில்லி குதிப்பதற்கும் நடுவே ஒரு சிறு தாமதம் இருக்கிறது. மேனிக் மைனரில் அது உயிர்ப் பிரச்சினை. சுத்தவாதிகள் சொல்வது இந்த இடத்தில் சரி. ஆனால் பிக்சர் ட்யூப் டிவி என்று அவர்கள் சொல்வதும் சரி என்று இதில்தான் புரிந்தது. தட்டைத் திரையில் கத்தியால் வெட்டின மாதிரி தெரிகிற புள்ளிகள் இந்தக் கண்ணாடியில் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் படம் வரைந்தவர்கள் இந்தக் கரைதலை நம்பித்தான் வரைந்தார்கள். இலவச டிவி கொடுத்துச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்று எழுதிய அறிவாளிகளுக்கு, ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இன்று இந்த வகை டிவியைத் தேடி அலைகிறார்கள் என்கிற செய்தியைச் சொல்லிவைக்கிறேன்.

விரைவாக ஏற்றும் வசதியை அணைத்துவைத்திருக்கிறேன். அதனால் நான்கைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டாம். 'ஜே' அழுத்தினால் லோட், 'பி' அழுத்தினால் பிரிண்ட், 'ஓ' அழுத்தினால் போக். ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு இது ஒரு ஆறுதல். ஆங்கிலச் சொற்களையே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது ஆறுதலாகாது.

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள். ஜெட் செட் வில்லி அவளுக்குப் பிடிக்கவில்லை. 'சும்மா சும்மா சாகுறான் மாமா.' ஏற்றும் நிரலின் நடுவே ஒரு வரியை எப்படிச் செருகுவது என்று காட்டினேன்: போக் 35899, 0. அவளே அடித்தாள். மறுபடி ஏற்றினோம். வில்லி செத்துச் செத்து எழுந்தான், உயிர் குறையவில்லை. 'இதை மாத்தலாம்னா வேற எதை மாத்தலாம்?' என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் ஆறு மாதம் அலைந்தேன் என்று நினைக்கிறேன்.

பழைய கணிப்பொறி வாங்கப் போகிறவர்கள் எந்த மாடல், எந்த வருடம் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் பொத்தான் அமுங்குகிறதா என்று அழுத்திப் பாருங்கள். பிறகு, அமுங்கும் என்று யாருக்கெல்லாம் சொல்லப்படவில்லை என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.